தொரப்பள்ளிக்கு ஒரு ஞாயிறு

(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

காலை அமர்வில் காப்பிய நயமும் அறநூற் பொருளும் கேட்டு மகிழ்ந்தீர்கள். பிற்பகலில் பேச எனக்கு விழாக் குழுவினர் அளித்த தலைப்போ, ‘குறைந்த செலவில் குழந்தைகளோடு வெளியே செல்வது எப்படி’ என்பது. தமிழ் முதுகலை படித்து, முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்தவளுக்கு இதுவா தலைப்பு என்று வீட்டில் சிரித்தார்கள். நான் உடனே ஒப்புக்கொண்டேன். இந்தப் பொருளில் நான் ஒருமுறை தோற்றவள். தோற்றபின் சிறிது கற்றவள். அவ்விரண்டையும் மறைக்காமல் உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

நாம் வந்து சேர்ந்த ஊர்

நம்மில் பெரும்பாலோர்க்கு ஓசூர் பிறந்த மண் அன்று. வந்தவாசி, ஆரணி, போளூர், செஞ்சி, திண்டிவனம் என்று நம் வேர்கள் பரவிக் கிடக்கின்றன. 1970களில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. மோட்டார் வாகனமும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகள் வந்தன; அவற்றுக்கு உறுப்புகள் செய்துகொடுக்கும் சிறு பட்டறைகள் தெருத்தெருவாய்ப் பெருகின. வேலை தேடி நம் பிள்ளைகள் வந்தார்கள். பிள்ளைகளைத் தேடி நாமும் வந்தோம். 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அதற்கப்பால் பெங்களூரு. எந்த இடத்தில் ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று சாலையில் செல்வோர்க்குத் தெரிவதில்லை.

நம் ஊர்களில் குழந்தையை வெளியே ‘அழைத்துச் செல்லுதல்’ என்றொரு வேலையே இருந்ததில்லை. வாசற்கதவைத் திறந்தால் போதும். ஏரிக்கரையும் களத்துமேடும் புளியந்தோப்பும் பிள்ளையை அழைத்துக்கொள்ளும். சாப்பாட்டு நேரத்தில் திரும்ப அழைப்பதுதான் தாயின் வேலை. இங்கே அப்படியன்று. மூன்றாம் மாடியில் இரண்டு அறை. கீழே இறங்கினால் லாரிகள் போகும் சாலை. தந்தைக்கு ஒரு வாரம் காலை ஷிப்டு, மறுவாரம் இரவு ஷிப்டு. அவர் உறங்கும்போது குழந்தை சத்தம் போடக்கூடாது. அதற்காகவே கைப்பேசி அதன் கையில் கொடுக்கப்படுகிறது. தாயைக் குறை சொல்லவில்லை. வேறு என்ன செய்வாள்?

என் பேரனுக்கு எட்டு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைப் பெங்களூருவில் ஒரு வணிக வளாகத்தின் விளையாட்டுக் கூடத்துக்கு அழைத்துப் போனோம். போகவர வண்டி வாடகை, நுழைவுக் கட்டணம், விளையாட்டு ஒவ்வொன்றுக்கும் தனி அட்டை, அங்கேயே உணவு. மூவாயிரம் ரூபாய்க்குச் சற்றே குறைவு. அட்டையில் பணம் தீர்ந்ததும் பேரன் அழுதான். திரும்பும் வழியில் போக்குவரத்து நெரிசலில் இரண்டு மணி நேரம். வீடு வந்ததும், ‘இன்று என்ன கண்ணா பார்த்தாய்?’ என்று கேட்டேன். சிறிது யோசித்து, ‘பாட்டி, அங்க லைட் நிறைய இருந்துச்சு’ என்றான். அந்த மாதக் கடைசியில் என் மருமகள் மளிகைக் கணக்கை இரண்டுமுறை கூட்டிப் பார்த்ததையும் நான் கண்டேன்.

இவ்வளவையும் சொல்லக் காரணம், இது என் வீட்டுக் கதை மட்டும் அன்று. நம் சமூகத்தைச் சேர்ந்த ஓர் இளந்தாய் என்னிடம் ஒருநாள் சொன்னார்: ‘ஞாயித்துக்கிழமை வந்தாலே பயமா இருக்கு டீச்சர். பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க எங்கெங்க போனோம்னு வந்து சொல்லுதுங்க. எங்க பிள்ளை எங்க முகத்தப் பாக்குது.’ வெளியே செல்வது என்றாலே பணம் என்று ஆகிவிட்டபடியால், பணம் குறைந்த வீட்டில் ஞாயிறு ஒரு சிறு தண்டனையாகிவிடுகிறது. இதை நாம் மாற்ற முடியும். நம்மிடையே மிகுபொருள் விரும்பாமை என்றொரு விரதம் வழிவழியாக இருக்கிறது. அதைத் துறவியர்க்கு உரியதென்று எண்ணி ஒதுக்கிவிடாமல், ஞாயிற்றுக்கிழமைக்கும் பொருத்திப் பார்க்கலாம் என்பதே என் எண்ணம்.

வெயிலும் வெளியும்

வெளியே செல்வது பொழுதுபோக்கு; படிப்பைக் கெடுக்கும் என்பார் இன்னும் உளர். அவர்கட்கு ஒரு செய்தி. சீனத்தின் குவாங்சோ நகரில் பன்னிரண்டு தொடக்கப்பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளை நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் திறந்தவெளியில் விட்டார்கள். மீதிப் பள்ளிகளில் வழக்கம்போல் நடத்தினார்கள். மூன்றாண்டுக்குப் பின் பார்த்தபோது, வழக்கமான பள்ளிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே விடப்பட்ட பிள்ளைகளில் அது ஏறத்தாழ 30ஆக இருந்தது. இம்முடிவு 2015இல் வெளியாயிற்று. தைவான் நாடு அதற்கும் முன்பே, 2010 முதல், நாள்தோறும் இரண்டு மணி நேரமாவது பிள்ளைகள் வெளியில் இருக்க வேண்டும் என்று பள்ளிகளில் இயக்கம் நடத்திவருகிறது. பகல் வெளிச்சத்துக்குக் கட்டணம் இல்லை; கண்ணாடிக்கு உண்டு.

தமிழாசிரியை ஆதலின் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியரும் பறித்துக் குவித்த பூக்கள் 99 வகை. வகுப்பில் இதைப் பலமுறை நடத்தியிருக்கிறேன். மாணவர்கள் மனப்பாடமும் செய்திருக்கிறார்கள். ஆனால் பள்ளி வாசலில் நின்ற மரம் புங்கமா பூவரசா என்று அவர்களைக் கேட்க எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. பெயரைக் கற்பித்தேன், பொருளைக் காட்டவில்லை. மரத்தின் நிழலில் நிற்காத குழந்தைக்கு அம்மரத்தின் பெயர் எத்தனை நாள் நினைவிலிருக்கும்?

பள்ளிச் சுற்றுலாக்களிலும் அதே பிழையைத்தான் செய்தேன். மூன்று நாளில் ஏழு ஊர். இரவெல்லாம் பேருந்து, பகலெல்லாம் ஓட்டம். பல்லாண்டு கழித்து என்னைச் சந்திக்கும் பழைய மாணவர்களிடம் கேட்டால், ஏழு ஊரில் ஒன்றும் நினைவில்லை. பேருந்தில் பாடிய பாட்டு மட்டும் நினைவிருக்கிறது என்கிறார்கள்.

நாங்கள் தொரப்பள்ளிக்குப் போனது

வணிக வளாகம் போய்வந்த பிறகு ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறு, தொரப்பள்ளிக்குப் போவதென்று முடிவு செய்தோம். ஓசூரிலிருந்து ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர். நம்மில் பலர் அவ்வூரின் பெயர்ப்பலகையை ராயக்கோட்டைச் சாலைப் பக்கம் செல்லும்போது பார்த்திருப்போம்; இறங்கியிருக்க மாட்டோம்.

செலவுக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் மகளிர்க்குக் கட்டணமில்லை. ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் இல்லை. ஆக எனக்கும் மருமகளுக்கும் பயணம் இலவசம். மகனுக்கு முழுச்சீட்டு, பேரனுக்கு அரைச்சீட்டு. வீட்டிலிருந்து எலுமிச்சைச் சாதமும் தயிர்ச் சாதமும், வடிகட்டிய நீர் நான்கு புட்டியும் எடுத்துக்கொண்டோம். வழியில் சாலையோரக் கடையில் கடைசிப் பருவத்து மாம்பழம் வாங்கினோம். திரும்பி வரும்வரை எங்கள் கையிலிருந்து போனது 94 ரூபாய்.

தொரப்பள்ளியில் இராஜாஜி பிறந்த இல்லம் இருக்கிறது. 1878 டிசம்பர் 10ஆம் நாள், அவ்வூர்க் கிராம முன்சீபின் மகனாக அவர் பிறந்தார். ஐந்து வயதளவில் குடும்பம் ஓசூருக்குப் பெயர்ந்தது. இங்கே பள்ளிப்படிப்பு, பின்னர்ப் பெங்களூருவில் கல்லூரிப் படிப்பு. அந்த வழியை எண்ணிப் பாருங்கள். தொரப்பள்ளி, ஓசூர், பெங்களூரு: இன்றும் நம் பிள்ளைகள் போகும் அதே வழிதான். 1948இல் அவர் இந்தியத் தலைமை ஆளுநரானார். அப்பதவியில் அமர்ந்த ஒரே இந்தியர், இறுதியாக அமர்ந்தவரும் அவரே. பிறந்த வீடோ எளியது. அரசு அதனை நினைவில்லமாகப் பேணிவருகிறது.

வீட்டுக்குள் நுழைந்ததும் என்னுள் இருந்த ஆசிரியை விழித்துக்கொண்டாள். ஆண்டு, பதவி, நூல், விருது என்று தொடங்கிவிட்டேன். ஐந்து நிமிடத்தில் பேரனைக் காணோம். தேடினால், வாசலில் குந்தியிருக்கிறான். எறும்பு வரிசையொன்று செத்த வண்டைச் சுவரோரமாக இழுத்துப் போய்க்கொண்டிருந்தது. ‘பாட்டி, முன்னாடி இருக்கிறது இழுக்குது, பின்னாடி இருக்கிறது தள்ளுது. நடுவுல ஒண்ணு சும்மா மேல உக்காந்துக்கிட்டே போகுது பாருங்க’ என்றான். நானும் அவன் அருகே அமர்ந்தேன். மிதித்துவிடாமல் காலை ஒதுக்கி வைத்துக்கொள்ள அவன்தான் எனக்குச் சொன்னான். கால் மணி நேரம் கழித்து அவனாகவே எழுந்து, ‘அந்தத் தாத்தா சின்னப் பிள்ளையா இருந்தப்ப இங்கதான் விளையாடினாரா?’ என்று கேட்டான். நான் ஐந்து நிமிடம் பேசி வரவழைக்க முடியாத கேள்வி தானாக வந்தது. அன்று கற்ற பாடத்தை இங்கிருக்கும் பெற்றோர்க்குச் சொல்கிறேன்: பிள்ளை நிற்கும் இடத்தில் நில்லுங்கள். அதற்குரிய நேரத்தையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

உணவு முடித்து, ஊரை ஒட்டி ஓடும் தென்பெண்ணை ஆற்றுக்குப் போனோம். ஆறு என்றதும் பேரன் முன்னால் ஓடினான். ஓடியவன் நின்றான். நீரின்மேல் வெள்ளை வெள்ளையாய் நுரை. ஆளுயரக் குவியலாக இல்லை. ஆனால் கரை நெடுகக் கற்களின் இடையே சிக்கி, காற்று வீசும்போது பஞ்சுபோல் பறந்தது. நாற்றமும் இருந்தது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்து, ‘யார் பாட்டி இதுல இவ்வளவு சோப்பு போட்டது?’ என்று கேட்டான்.

ஆசிரியைக்கு விடை தெரியும். இந்த ஆறு கருநாடகத்தின் நந்தி மலைப்பகுதியில் தோன்றுகிறது. பெங்களூருவின் கிழக்குப் பகுதிக் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியாக இதில் வந்து சேர்கிறது. சுத்திகரிக்கப்படாத வீட்டுக் கழிவிலும் ஆலைக் கழிவிலும் சோப்புப் பொருள்கள் கலந்திருக்கின்றன. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் மதகு வழியாக நீர் விழுந்து கலங்கும்போது அவை நுரைத்து எழுகின்றன. மழைக்காலந்தோறும் செய்தித்தாள்களில் அந்தப் படம் வருகிறது. இத்தனையையும் அவனுக்கு ஏற்றவாறு சொன்னேன். ‘அப்ப பெங்களூர்க்காரங்க போட்டாங்களா?’ என்றான். ஆம் என்று சொல்லி முடித்திருக்கலாம். அவன் தந்தை வேலை செய்வது ஓசூரில். நாங்கள் துணி துவைப்பதும் ஓசூரில்தான். நம் ஊர்ச் சாக்கடைக்கும் கடைசியில் இந்த ஆற்றை விட்டால் வேறு வழியில்லை. ‘எல்லாரும் போட்டது கண்ணா. நாமும்தான்’ என்றேன்.

அவன் கையிலிருந்த நீர்ப்புட்டியைப் பார்த்தான். காலையில் அவன் கண்முன்னேதான் அவன் தாய் வெள்ளைத் துணியில் வடிகட்டி அதை நிரப்பினாள். நீருக்கும் உயிர் உண்டு, அதில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்க்கும் துன்பம் வரலாகாது என்று வழிவழியாக வடிகட்டிக் குடிப்பவர்கள் நாம். பேரன் கேட்டான்: ‘நம்ம வீட்டுத் துணியில வடிகட்டினா இது போயிடுமா பாட்டி?’

பெருமக்களே, முப்பத்து நான்கு ஆண்டுகளில் எத்தனையோ வகுப்புகளில் எத்தனையோ கேள்விகளுக்கு விடை சொல்லியிருக்கிறேன். அன்று ஆற்றங்கரையில் எனக்கு வாய் எழவில்லை.

வீட்டுக்கு வந்து நிலப்படத்தை விரித்தோம். நந்தி மலையில் விரலை வைத்து, கெலவரப்பள்ளி, தொரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, திருக்கோவலூர் என்று நகர்த்திக் கடலூர்க் கடல்வரை கொண்டுபோனான். ‘நாம் ஊருக்குப் போறப்ப பாலத்துல தாண்டுவோமே, அந்த ஆறா இது?’ என்றான். ஆம், விழுப்புரம், திருக்கோவலூர்ப் பக்கம் உறவினர் உள்ள நம் குடும்பங்கள் அங்கே தாண்டும் பெண்ணையாறு இதுவேதான். நாம் விட்டுவந்த மண்ணுக்கு நாம் வந்த மண்ணிலிருந்து போகும் நீர் அது. அந்த வாரம் முதல் எங்கள் வீட்டில் சோப்புத்தூளைக் கரண்டியால் அளந்து போடுகிறோம். இதனால் ஆறு தெளிந்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. ஒரு குழந்தை ஆற்றைத் தன் ஆறாக எண்ணத் தொடங்கினான். 94 ரூபாயில் அதற்கு மேல் என்ன கேட்பது?

திட்டமிடுதற்குச் சில முறைகள்

அதன்பின் பலமுறை சென்றுவந்தோம்; சிலமுறை இடர்ப்பட்டோம். அவற்றிலிருந்து தேர்ந்த சில குறிப்புகளைச் சொல்கிறேன்.

முதலாவது, ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். போக்கும் வரவும் சேர்ந்து இரண்டு மணி நேரத்தை மீறினால் சிறு குழந்தைக்கு அது பயணமாகவே முடிந்துவிடும். தொரப்பள்ளிபோன்ற ஊர்களுக்குப் பேருந்து அடிக்கடி இருக்காது. போகும் நேரத்தைவிடத் திரும்பும் நேரத்தை முதலில் கேட்டறிந்துகொள்ளுங்கள். நினைவில்லம், அருங்காட்சியகம் ஆகியவற்றுக்கு விடுமுறை நாள் உண்டு. அதையும் முன்கூட்டியே விசாரித்துவிட வேண்டும்.

இரண்டாவது, கழிவறை. இதைச் சபையில் பேச நாம் கூச்சப்படுகிறோம். ஆனால் பெண்களும் பெண்குழந்தைகளும் வெளியே வரத் தயங்குவதற்கு முதற்காரணம் இதுவே. கூச்சத்தால் நீர் குடிக்காமலிருந்து தலைவலியோடு திரும்பிய தாய்மாரை நான் அறிவேன். செல்லும் வழியில் எங்கே கழிவறை என்று தெரிந்துகொண்ட பிறகே இடத்தை முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, நேரம். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் நடந்துவிடலாம். மாலையைப் பற்றி நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இரவுண்ணாமை காக்கும் வீடுகளில் கதிரவன் மறையுமுன் உணவு முடிய வேண்டும். ஆகவே ஐந்து மணிக்கெல்லாம் வீடு திரும்புவோம். பிள்ளைகளும் நேரத்தோடு உறங்குவார்கள். தந்தை மறுநாள் காலை ஷிப்டுக்கு எழுவதும் எளிது.

நான்காவது, உணவைக் கொண்டுபோதல். வெளியில் உண்ணும் செலவே சிற்றுலாச் செலவில் பெரும்பங்கு. நம் வீடுகளில் இன்னது உண்போம், இன்னது உண்ணோம் என்ற வரையறை இருப்பதால் கட்டுச்சோறு நமக்குப் பழகியது. ஜப்பானியப் பள்ளிகளில் ‘என்சொகு’ என்றொரு வழக்கம் உண்டு. தொலைவு, கால் என்னும் இரண்டு எழுத்துகள் சேர்ந்த சொல் அது. பிள்ளைகள் வீட்டு உணவைச் சுமந்து நடந்து போய்வருவார்கள். தின்பண்டம் வாங்க 300 யென்னுக்கு மேல் கூடாது என்பதுபோல் பள்ளியே வரம்பு வைப்பதுண்டு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையும் இல்லாத வீட்டுப் பிள்ளையும் அன்று ஒன்றாகிவிடுகிறார்கள். அந்த வரம்புக்குள் எதை வாங்குவது என்று பிள்ளைகள் பலநாள் கணக்குப் போடுவார்களாம். நாங்களும் பேரனுக்கு இருபது ரூபாய் என்று வரம்பு வைத்தோம். இப்போது அவன் கடைக்காரரிடம் விலை கேட்கும் அழகே தனி.

ஐந்தாவது, பாதுகாப்பு. நம் பகுதி காட்டை ஒட்டியது. மழைக்காலம் கழிந்து கேழ்வரகு முற்றும் பருவத்தில் யானைக்கூட்டம் பன்னேர்கட்டா, ஜவளகிரிக் காடுகளிலிருந்து தளி வழியாகச் சானமாவுக் காடுவரை வருகிறது. சானமாவு தொரப்பள்ளிக்கு அருகிலேயே இருக்கிறது. வனத்துறையினர் எச்சரிக்கை விடுத்திருக்கும் நாள்களில் அப்பக்கம் போகவே கூடாது. அது யானைகளின் பழைய வழி. நாம்தான் பின்னால் வந்தவர்கள். ஆற்றுக்குப் போவதானால் கெலவரப்பள்ளி அணையின் நிலையைச் செய்தியில் பார்த்துக்கொள்ளுங்கள். அணையின் முழு உயரம் 44.28 அடி, நிறைந்து உபரிநீர் திறக்கும்போது ஆற்றில் நீர் சட்டென்று உயரும். நுரை கண்ட நீரில் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள்.

எங்கெங்கே செல்லலாம்

ஓசூரிலேயே சந்திரசூடேசுவரர் கோயில் அமைந்த குன்று இருக்கிறது. ஏறிநின்றால் ஊர் முழுதும் காலடியில் விரியும். தந்தை வேலை செய்யும் ஆலை எது, பள்ளி எது, வீடு எது என்று குழந்தை தானே கண்டுபிடிக்கட்டும். நம் ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,900 அடி உயரத்தில் இருப்பதால்தான் இந்தக் குளிர்ச்சி என்பதையும் அங்கே சொல்லலாம். தளிப்பக்கம் இன்னும் குளிர்ச்சி. வெள்ளைக்காரர் காலம் முதல் ‘குட்டி இங்கிலாந்து’ என்று பெயர். ராயக்கோட்டை மலைக்கோட்டை, கால்வலு உள்ள பெரிய பிள்ளைகளுக்கு ஏற்றது; 1791இல் மைசூர்ப் போரின்போது ஆங்கிலேயர் கைப்பற்றிய கோட்டை அது.

நடுகற்களை மறந்துவிடாதீர்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் நடுகற்களுக்குப் பெயர்பெற்றவை. ஆநிரை மீட்டு மாண்ட வீரனுக்குக் கல் நடும் வழக்கத்தைத் தொல்காப்பியம் பேசுகிறது. அந்தக் கல் நம் வயலோரங்களில் நிற்கிறது. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் காணலாம். மல்லசந்திரத்தில் பெருங்கற்காலத்துக் கல்திட்டைகள் உள்ளன. பர்கூர்ப் பக்கம் மயிலாடும்பாறையில் அகழ்ந்தபோது கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று கணிக்கப்பட்டதை 2022இல் தமிழக அரசு அறிவித்தது. நாள்தோறும் இரும்பைக் கடைந்து வீடு திரும்பும் தந்தை தன் பிள்ளையிடம், நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரும் இந்த மண்ணில் இரும்பு உருக்கியவர் இருந்தார்கள் என்று சொல்லட்டும். தன் தந்தையின் தொழிலைப் பிள்ளை பார்க்கும் பார்வை சற்றே மாறும்.

பெங்களூருவில் வாழும் நம் குடும்பங்களுக்கு லால்பாக் போதும். 1760இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம் 240 ஏக்கர் பரப்பில் இருக்கிறது. அங்குள்ள பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமையுடையது. மலர்க்காட்சி நாள்களில் கூட்டம் மிகுதி; குழந்தைகளோடு செல்வோர் மற்ற நாள்களில் செல்லுங்கள். சென்னையில் இருப்போர்க்குக் கிண்டி சிறுவர் பூங்காவும் கடற்கரையும் உண்டு. ஆண்டுக்கொருமுறை மேல்சித்தாமூருக்கோ திருமலைக்கோ பொன்னூர் மலைக்கோ செல்லும்போதும், தரிசனம் முடிந்ததும் வண்டியேறிவிடாமல், பிள்ளைகளை ஊரின் ஏரிக்கரையில் அரைமணி நேரம் நடக்க விடுங்கள். நாம் ஓடி விளையாடிய இடத்தை அவர்கள் காண வேண்டாமா?

ஒரு வேண்டுகோள்

நிறைவாக அறக்கட்டளையாரிடம் ஒரு விண்ணப்பம். மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு நாம் சிலர் சேர்ந்து ஓர் இடத்துக்குச் செல்வோம். உணவு அவரவர் வீட்டிலிருந்து. உட்கார்ந்தபின் எல்லார்க்கும் பொது. செலவு ஒரு தலைக்கு ஐம்பது ரூபாயைத் தாண்டக்கூடாது. ஞாயிறும் ஷிப்டு உள்ள தந்தையரின் பிள்ளைகளை மற்றவர் தம் பிள்ளைகளோடு அழைத்துச் செல்ல வேண்டும். என்போன்ற ஓய்வுபெற்றோர்க்கு வேறு வேலை இல்லை. ஆளுக்கு இரண்டு குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்வோம். புறப்படும்போது ஒரு பழைய சாக்கு எடுத்துச்சென்று, நாம் உண்ட இடத்தின் குப்பையை நாமே திரும்பக் கொண்டுவருவோம். வீடு வந்ததும் ஒவ்வொரு குழந்தையும் தான் கண்டதை நான்கு வரி எழுதட்டும், அல்லது வரையட்டும். அடுத்த ஆண்டு விழா மலரில் அவற்றுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். என் உரையை நீக்கிவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

என்னிடம் மனம்விட்டுப் பேசிய அந்த இளந்தாய் இந்த அவையில் எங்கோ அமர்ந்திருக்கிறார். அம்மா, வரும் இரண்டாம் ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் நானும் என் பேரனும் நிற்போம். உங்கள் பிள்ளையை அனுப்புங்கள். முடிந்தால் நீங்களும் வாருங்கள். தொரப்பள்ளிக்குத்தான் மீண்டும் போகிறோம். வடிகட்டும் துணியைப் பற்றிப் பேரன் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க இன்னும் பத்துப் பிள்ளைகள் அந்தக் கரையில் வந்து நிற்கட்டும். விடை சொல்ல வேண்டிய பெரியவர்களாகிய நாமும் உடன் நிற்போம்.